டோக்கன் நம்பர் ஒன்று

"மெஷின் ரோட்டுலயே நிக்குது மேடம். என்ன பண்றதுன்னு உங்க கம்ப்யூட்டரைக் கேட்டுச் சொல்லுங்க."

தை மாதத்தில் ஒரு காலை. தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டு, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தேன். பேசியவர் அறுவடை மெஷின் டிரைவர் பழனிச்சாமி. சேலம் பக்கத்துக்காரர். பொங்கல் முடிந்த கையோடு டெல்டாவுக்கு வந்தால் மாசி கடைசி வரை வயலிலேயே கிடப்பார்.

"டோக்கன் நம்பர் ஒண்ணுன்னு காட்டுதா?"

"காட்டுது."

"அப்ப அங்க போய் அறுங்க அண்ணே."

"அங்க எப்படிப் போறது?"

"எப்படின்னா? மெஷினை ஓட்டிக்கிட்டுத்தான்."

மறுமுனையில் டீசல் எஞ்சின் சும்மா ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க வயலைப் பாத்திருக்கீங்களா?"

தோசை கருகிவிட்டது. கல்லைச் சுரண்டிக்கொண்டே, "பாக்காம என்ன?" என்று சொல்லி போனை வைத்தேன். வைத்த உடனே அது மறுபடி அடித்தது. அன்று சாப்பிடுவதற்குள் எத்தனை போன் வந்தது என்று எண்ணவில்லை.

பஸ் ஜன்னலில் பார்த்த வயல்

உண்மையைச் சொல்வதானால், நான் வயலைப் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னலிலிருந்துதான். பிறந்து வளர்ந்தது தஞ்சாவூர் டவுனுக்குள். அப்பா தபால் ஆபீஸ் குமாஸ்தா. எங்களுக்குச் சொந்தமாக இருந்த மண், மாடியில் ரோஜாத் தொட்டியில் இருந்த மண்தான். ஆனால் சென்னையில் வேலை பார்த்த காலத்தில், தஞ்சாவூர் என்று சொன்னதும் எல்லோரும் என்னிடம் நெல்லைப் பற்றித்தான் கேட்பார்கள். நானும் தெரிந்த மாதிரி பதில் சொல்லிப் பழகிவிட்டேன். அந்தப் பழக்கம்தான் பிறகு என் காலை வாரியது.

கல்யாணத்துக்குப் பிறகு மன்னார்குடி. கணவருக்குப் பள்ளிக்கூட வேலை இங்கே. கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மாடி அறையில் ஒரு மேஜை, இரண்டு திரை, ஒரு இன்வெர்ட்டர் வைத்துக்கொண்டு தனியாகச் செயலி எழுத ஆரம்பித்தேன். சொந்தக்காரர்கள் இன்றுவரை, "இன்னும் வேலை எதுவும் அமையலையா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வீட்டிலேயே இருப்பவளுக்கு வேலை என்ன இருக்க முடியும்? எரிவாயு சிலிண்டர் வந்தால் பக்கத்து மூன்று வீட்டுக்கும் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. "சின்ன மாற்றம்தான் மேடம்." இதைச் சொல்பவருக்கு அது எவ்வளவு சின்னது என்று தெரியாது. பட்டனின் நிறத்தை மாற்றச் சொல்லும் அதே குரலில், முழுக் கணக்கையும் தலைகீழாகப் புரட்டச் சொல்வார்கள். வேதாரண்யத்தில் ஓர் உப்பு வியாபாரிக்கு லோடு அனுப்பும் செயலி எழுதினேன். கோடையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஐப்பசியில் அது அவருக்குத் தினமும் நாலு முறை, "சரக்கு குறைவு, உடனே அனுப்பவும்" என்று எச்சரிக்கை அடித்தது. அவர் போன் செய்தார். "ஏம்மா, மழையில உப்பு விளையுமா?"

"இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்?"

"இதையெல்லாமா சொல்லுவாங்க?"

அதுதான் விஷயம். இதையெல்லாம் யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு மாதம் எதிரே உட்கார்ந்து கேட்டாலும், தங்கள் கைக்குள்ளேயே இருக்கும் விஷயத்தை வாய் திறந்து சொல்லத் தோன்றாது. நான் அப்போதே பாடம் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. உப்பு விஷயத்தில் அவர் மேல்தான் தப்பு என்று முடிவு கட்டிவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

புரோக்கர் வேண்டாம் என்றார்

அடுத்த வேலை முருகானந்தத்தினுடையது. மன்னார்குடியில் நாலு அறுவடை மெஷின் வைத்திருப்பவர். பழனிச்சாமி ஓட்டுவது அதில் ஒன்று. சந்தோஷமாக இருந்தால் என்னை "மேடம்" என்பார். கோபம் வந்தால் "ஏம்மா".

அவருக்கு ஒரே குறை, புரோக்கர்கள். ஊருக்கு ஒரு புரோக்கர் இருப்பார். எந்த வயலுக்கு எப்போது மெஷின் போகும் என்பது அவர் கையில். "அவன் சொன்ன வயலுக்குத்தான் போகணும்னா மெஷின் என்னுதா, அவனுதா?" என்று முருகானந்தம் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. விவசாயி போனிலேயே பதிய வேண்டும், முதலில் பதிந்தவருக்கு முதல் டோக்கன், அந்த வரிசைப்படி மெஷின் போக வேண்டும். இவ்வளவுதான் அவர் கேட்டது. கூடவே இன்னொன்றும் கேட்டார்.

"வரிசையை யாரும் மாத்த முடியாதபடி பூட்டிடுங்க மேடம். டிரைவர் மாத்தக் கூடாது, நானே நினைச்சாலும் மாத்தக் கூடாது. சொந்தக்காரன் வந்து நின்னா எனக்கு மனசு இளகிடும்."

பூட்டினேன். முதல் டோக்கன் முடிந்ததாகவோ ரத்தானதாகவோ பதிவாகாமல் இரண்டாவது டோக்கன் திறக்காது. அதை எழுதிய அன்று எனக்கே என்னைப் பிடித்திருந்தது. பெரிய பண்ணைக்காரருக்கும் நாலு மா நிலம் வைத்திருப்பவருக்கும் ஒரே வரிசை. இதைவிட நியாயம் வேறு என்ன இருக்கிறது? முருகானந்தமோ தன் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து வைத்து, செயலியும் அந்த மெரூன் நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு வாரம் என் உயிரை எடுத்தார்.

மார்கழியில் பதிவு திறந்தோம். மன்னார்குடியிலிருந்து அரை மணி தூரத்தில் ஒரு கிராமம். அங்கிருந்து முதல் பதிவு செய்தவர் பாக்கியம் அக்கா. ஐம்பதை ஒட்டிய வயது. முன்பு கூலிக்கு நட்டு அறுத்தவர், பிறகு சிறுகச் சிறுகச் சேர்த்து நாலு மா நிலம் வாங்கியவர். நாலு மா என்றால் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. பதிந்த கையோடு என்னைக் கூப்பிட்டார்.

"மொதல்ல பதிஞ்சா மொதல்ல வந்துடுமா?"

"கண்டிப்பா வரும்க்கா."

"யாரு குறுக்க வந்தாலும்?"

"யார் வந்தாலும்."

"எங்களுக்கு எப்பவும் கடைசியாத்தாம்மா வரும். அதுக்குள்ள கதிரு சாஞ்சு பாதி கொட்டிடும். அப்ப நான் அறுப்பு ஆளை வேண்டாம்னுடறேன். நாலு பொம்பளைங்களைச் சொல்லி வச்சிருந்தேன்."

"தாராளமா சொல்லிடுங்க" என்றேன். இதைச் சொன்ன என் வாயை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

வயல் நடுவே

மறுபடி அந்தத் தை மாதக் காலைக்கு வருகிறேன். போன் அடிப்பது நிற்காததால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சாலையோரத்தில் மெஷின் ஒரு வீடு அளவுக்கு நின்றது. நிழலில் பழனிச்சாமி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கை கொடுத்தார். பாக்கியம் அக்கா பக்கத்தில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் போனோடு நின்றார். திரையில் என் மெரூன் செயலி.

"உங்க வயல் எதுக்கா?"

கையை நீட்டினார். சாலையை ஒட்டிப் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பெரிய வயல். அதற்கு அப்பால், தங்க நிறத்தில் தலை கவிழ்ந்து ஒரு துண்டு தெரிந்தது. அதுதான் அவருடையது. பின்பக்கம் ஆழமான வடிகால். இரண்டு பக்கமும் வாழைக் கொல்லை. மெஷின் போக வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் பெரிய வயலுக்குள் இறங்கித்தான் போக வேண்டும். அது இன்னும் விளையவில்லை. பாக்கியம் அக்கா நேரடியாக விதைத்தவர், அது நாற்று விட்டு நட்டது. அது விளையப் பத்து நாளாவது ஆகும் என்றார்.

பார்த்த மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. உள்ளே இருக்கும் வயலின் முறை வெளியே இருக்கும் வயலுக்குப் பிறகுதான். இந்த ஊரில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். என் செயலிக்கு மட்டும் தெரியாது, ஏனென்றால் எனக்குத் தெரியாது.

"உங்களுக்குத் தெரியும்தானேக்கா? அப்புறம் எப்படி மொதல் டோக்கன் வாங்கினீங்க?" கேட்கும்போதே குரல் உயர்ந்துவிட்டது.

அவருக்கும் கோபம். "டோக்கன் குடுத்துட்டீங்கன்னா வழி பேசிட்டீங்கன்னுதாம்மா நினைப்போம்? புரோக்கரு நாள் சொன்னாருன்னா முன் வயல்காரங்ககிட்ட பேசி முடிச்சுட்டுத்தான் சொல்லுவாரு. மெஷின் அகலத்துக்குக் கதிரை அறுத்து வழி விடுவாங்க, அழியற நெல்லுக்கு நாங்க நெல்லா குடுத்துடுவோம். அவரு என்னைக் கடைசியாத்தான் போடுவாரு, ஆனா வழி இல்லாம போட மாட்டாரு. நீங்க சர்வே நம்பரெல்லாம் கேட்டீங்களே? அதை எதுக்குக் கேட்டீங்க?"

அதை எதற்குக் கேட்டேன்? படிவம் பார்க்க முழுமையாக இருக்கட்டும் என்று கேட்டேன்.

முருகானந்தத்தைக் கூப்பிட்டேன். "ஏன் சார், வழி விஷயத்தை நீங்க ஒரு தடவைகூட சொல்லலையே?"

"ஏம்மா, மெஷின் பறந்தா போகும்? இதையெல்லாமா சொல்லுவாங்க?"

உப்பு வியாபாரியின் அதே வார்த்தை. போனை வடிகாலில் வீசலாம் போல இருந்தது. பழைய புரோக்கரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் வேறு ஒரு மெஷின்காரரோடு வேறு ஊரில் இருந்தார். "என்னைத்தான் வேண்டாம்னுட்டாங்களே தங்கச்சி" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

வானம் வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது. மறுநாள் மழை என்று எல்லோர் போனிலும் இருந்தது. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தால் இரண்டே நாளில் முளைத்துவிடும் என்றார் பாக்கியம் அக்கா. சொல்லி வைத்திருந்த நாலு பெண்களும் வேறு வயலுக்குப் போய்விட்டார்கள். அந்த வருஷத்துச் சாப்பாடே அந்த நாலு மாதான்.

"யாரும்மா நீங்க?"

முன் வயல் ராஜகோபால் என்பவருடையது. பிள்ளைகள் வெளிநாட்டில். அவர் மட்டும் ஊரில் இருந்து விவசாயம் பார்க்கிறார். பாக்கியம் அக்காவிடம், "நீங்க ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றேன்.

"மாட்டேன்" என்றார். யோசிக்கக்கூட இல்லை. "எங்கம்மா காலமெல்லாம் அந்த வாசல்ல நின்னுச்சு. கூலி நெல்லுக்கு நின்னுச்சு, வைக்கோலுக்கு நின்னுச்சு. நிலம் வாங்கின அன்னைக்கே நான் முடிவு பண்ணிட்டேன். புரோக்கரு இருந்தவரைக்கும் அவரு பேசுவாரு. இப்பப் போன்லயே ஆயிடும்னுதானே ஓடிவந்து மொதல்ல பதிஞ்சேன்?"

நானே நம்பர் வாங்கி ராஜகோபாலைக் கூப்பிட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

"யாரும்மா நீங்க?"

"மெஷின் டோக்கன் செயலி எழுதினது நான்தான் சார்."

"உங்களுக்கு எங்க ஊர்ல நிலம் இருக்கா?"

"இல்லைங்க சார்."

"அப்ப நீங்க எப்படிம்மா வழி கேக்கறீங்க? விடியக்காலையிலேருந்து என் வரப்போரமா மெஷினைக் கொண்டாந்து நிறுத்தியிருக்கீங்க. என்கிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலை. புரோக்கரா இருந்தா வந்து உக்காந்து, காபி குடிச்சுட்டு, கேட்டுட்டுப் போவான். நான் என்ன மாட்டேன்னா சொல்லப்போறேன்? நிலத்துக்காரங்க வந்து கேக்கட்டும்."

குரலில் கடுமை இல்லை. அதுதான் எனக்கு அதிக ஆத்திரத்தைக் கொடுத்தது. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அவர் சொல்லாமல் விட்ட மீதியை அவரும் அறிவார், பாக்கியம் அக்காவும் அறிவார், நானும் அறிவேன்.

அக்காவிடம் சொன்னேன். அவர் வரப்பில் இறங்கி, தன் வயலைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்று காரணங்கள்

இதற்குள் பட்டியலில் பின்னால் இருந்தவர்கள் பொறுமை இழந்துவிட்டார்கள். முதல் டோக்கன் முடியாமல் இரண்டாவது திறக்காது, அதுதான் நான் பூட்டிய பூட்டு. முருகானந்தம் மறுபடி லைனில் வந்தார். "ஏம்மா, முப்பது பேர் காத்துக்கிட்டிருக்கான். நாளைக்கு மழைங்கறான். அந்த மொதல் டோக்கனை எடுத்துத் தள்ளும்மா."

"அவங்க நெல்லு என்ன சார் ஆகும்?"

"முப்பது பேர் நெல்லு என்ன ஆகும்?"

ஸ்கூட்டர் இருக்கையில் மடிக்கணினியைத் திறந்துவைத்தேன். ரத்து என்று அழுத்தினால் காரணத்தைக் கேட்டது. நான் எழுதியது என்னையே கேட்டது. தேர்ந்தெடுக்க மூன்றுதான் இருந்தன. மெஷின் பழுது. மழை. விவசாயி வேண்டாம் என்றார். பழுது என்று போட்டால் அந்த மெஷின் அன்று எங்கும் போகாது. மழை என்று போட்டால் ஊர்ப் பட்டியல் முழுவதும் தள்ளிப்போகும்.

நாலாவதாக ஒரு காரணம் சேர்க்கப் பத்து நிமிஷம் போதும். முருகானந்தம் லைனிலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவதை அழுத்திவிட்டேன். மெஷின் உறுமிக்கொண்டு இரண்டாவது டோக்கனுக்குப் போனது. நான் வீட்டுக்கு வந்து, கருகிய தோசைக்கல்லைத் தேய்த்துக் கழுவினேன். யார் மேல் கோபம் என்று தெரியாமல் ரொம்ப நேரம் தேய்த்தேன்.

இரண்டு மணி இருக்கும். பாக்கியம் அக்காவிடமிருந்து போன். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் பலமாகக் கேட்டது.

"வழி விட்டுட்டாங்கம்மா. மெஷின் என் வயல்ல எறங்கிடுச்சு. டிரைவரு தம்பி, 'கம்ப்யூட்டர் கெடக்கட்டும், ஓனர்கிட்ட நான் பேசிக்கறேன்'னு வந்துட்டாரு. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ரொம்ப சந்தோஷம்க்கா. ராஜகோபால் சார்கிட்ட யார் பேசினாங்க?"

"யாரு பேசுவா? நான்தான் போனேன். ஒரு மணி நேரம் நின்னேன். குளிச்சுட்டு வர்றேன்னாரு. அப்புறம் சாப்பிட்டுட்டு வர்றேன்னாரு. வந்து, சரி, அறுத்துக்கன்னாரு. அது கெடக்கட்டும். அங்க நிக்கும்போது போன்ல ஒரு மெசேஜ் வந்துச்சும்மா. டோக்கன் ரத்து, விவசாயி வேண்டாம் என்றார்னு."

ரத்து செய்தால் ஊர்ப் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் காரணத்தோடு செய்தி தானாகப் போகும். அதையும் நான்தான் எழுதியிருந்தேன். மறந்தே போயிருந்தேன்.

"நான் எப்பம்மா வேண்டாம்னு சொன்னேன்?"

"நீங்க சொல்லலைக்கா. நான்தான் போட்டேன்."

"நீயா?"

"ஆமாக்கா."

மெஷின் திரும்பும் சத்தம் கேட்டது. யாரோ அவரைச் சாக்கு எடுத்துவரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

"அதை மாத்திடும்மா" என்றார். "மொதல் டோக்கனை வாங்கிட்டு வேண்டாம்னுட்டா, முப்பது பேரைக் காக்க வச்சுட்டான்னு நாளைக்கு ஊர்ல பேசுவாங்க. அந்த வாசல்ல போய் நின்னது நின்னாச்சு. இதையும் என் தலையில போடாத. நான் வேண்டாம்னு சொல்லலை."

"மாத்திடறேன்க்கா."

ரத்தான பதிவை யாரும் திருத்த முடியாது. முருகானந்தம் கேட்டு, நான் பூட்டியதுதான் அதுவும். அதைத் திறந்து, செயலியின் பதிவேட்டிலேயே நேராகக் கை வைத்தேன். எங்கள் தொழிலில் செய்யவே கூடாத காரியம். காரணம் என்ற கட்டத்தில் இருந்ததை அழித்துவிட்டு, "வழி பேசாமல் டோக்கன் கொடுத்தது செயலியின் தவறு" என்று அடித்தேன். அனுப்பும் முன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். செயலி என்பதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரை எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன்.